முந்திரி திசு வளர்ப்பில் பூஞ்சாணத் தொல்லை

விதை மூலம் வளரும் முந்திரி, தாய்மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. ஆகவேதான் விவசாயிகள் ஒட்டுக்கன்றுகளை நாடுகிறார்கள். நல்ல மரம் ஒன்றிலிருந்து ஏராளமான கன்றுகள் எடுக்கத் திசு வளர்ப்பு முறையும் ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கப்பட்டுள்ளது. இதற்குப் பெரும் இடையூறாக இருப்பது பூஞ்சாணம்.

திசு வளரும் ஊடகத்தில் சுமார் 3 சதம் சர்க்கரை உண்டு. பூஞ்சாணத்துக்கும் அது நல்ல தீனி. ஒரு வித்து விழுந்தாலும் சில நாட்களில் புட்டி முழுவதும் பரவிவிடும். தோட்டத்து மரங்களில் பூஞ்சாணம் திசுவின் உள்ளேயும் தங்கியிருக்கும். மேலே கழுவினால் போகாது.

எனவே தடுப்பு வேலையைத் தாய்ச்செடியிலேயே தொடங்க வேண்டும். ஒட்டுச்செடிகளைத் தொட்டியில், கூரைக்கடியில் வளர்த்து, இலை நனையாமல் வேரில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 1 கிராம் கார்பென்டசிம் கலந்து தெளித்து, சில நாட்கள் கழித்துப் புதுத் துளிர்களை எடுக்கலாம்.

துளிர்களை ஓடும் நீரில் கழுவி, 70 சத ஆல்கஹாலில் அரை நிமிடம் முக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நேர்த்தி செய்து, கிருமி நீக்கிய நீரில் மும்முறை அலச வேண்டும். நேரம் கூடினால் துளிரே கருகிவிடும். ஊடகத்தை 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், 15 பவுண்டு நீராவி அழுத்தத்தில், 15 முதல் 20 நிமிடம் வைப்பது அவசியம்.

பூஞ்சாணம் கண்ட புட்டியை அறைக்குள் திறக்கவே கூடாது. திறந்தால் வித்துக்கள் பறந்து மற்றப் புட்டிகளும் கெடும். பல மாத உழைப்பு வீணாகும். மூடியபடியே நீராவியில் அவித்த பிறகே கழுவ வேண்டும்.

முந்திரியில் இன்றும் நடைமுறைக்கு ஏற்றது இளந்தண்டு ஒட்டுதான். திசு வளர்ப்புக் கன்று என்று யாரேனும் விற்க வந்தால், வேளாண்மை அலுவலரைக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.