பழசை மற, ஆனா எல்லாத்தையும் மறக்காதே!

கிட்டே வாங்க, சிப்புக்குள்ளே எட்டிப் பார்க்கலாம்! ஒவ்வொரு கோருக்குள்ளும் டிஎல்பி என்று ஒரு குட்டிச் சேமிப்பு. புரோகிராம் கேட்கும் முகவரி நிஜ மெமரியில் எங்கே இருக்கிறது என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பக்க அட்டவணையில் படிப்படியாக இறங்கித் தேடணும்.

இயங்குதளத்தின் மையமான கெர்னல், பக்கம் எனப்படும் மெமரித் துண்டு ஒன்றை இடம் மாற்றியதும் அந்த ஞாபகம் பொய்யாகிவிடும். அங்கேதான் கூத்து! சாலாக் செலாத்தான் ஃபிளாட்டுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ரைடர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஆள் மாறிவிட்டது. கடைக்காரர் அத்தனை பேருக்கும் போன் அடித்து, மோட்டாரை ஓரம் கட்டச் சொல்லி, "மறந்தாச்சு பாஸ்" என்று கடைசி ஆளும் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கோர்களுக்கிடையே நடப்பதும் இதேதான். ஷூட்டவுன் என்று சினிமாப் பெயர் வேறு!

சரி, அந்த ஞாபகத்தை அழிப்பது எப்படி? ஓர் உதாரணம்: சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலியில் 2018இல் லினக்ஸ் பூட் ஆனது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு ரகம். அந்த ரகத்தில் அழிக்கும் கட்டளை 'எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ'. முகவரி கொடுத்தால் அந்த ஒன்று மட்டும் போகும். கொடுக்காவிட்டால் எல்லாம் காலி. ஆனால் கட்டளை போட்ட கோரோடு சரி. மற்ற கோர்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பணும்.

அதனால் கெர்னலின் சாமர்த்தியமே சோம்பல்தான். தூங்கும் கோரை எழுப்பாதே, விழித்ததும் அதுவே சரிபார்க்கட்டும். புரோகிராம் மாறினாலும் துடைக்காதே, ஒவ்வொரு பதிவிலும் ஓர் அடையாள எண் ஒட்டிவிடு. இன்டெல் சிப்புகளில் 2010 முதலே இந்த எண் வசதி உண்டு. லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டது 2017இல், 4.14 பதிப்பில். இரண்டே மாதத்தில், 2018 ஜனவரியில், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது! அதை அடைக்க, கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியதாயிற்று. அடையாள எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிஎல்பியைத் துடைக்கணும். என்ன டைமிங்!

இந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 33 என்ற எண். எக்ஸ்86 ரகச் சிப்புகளுக்கான லினக்ஸில் 33 பக்கம் வரை ஒவ்வொன்றாக அழிப்பார்கள்; தாண்டினால் மொத்தமாகத் துடைப்பு. ஒன்றை அழிக்கச் சுமார் 100 நானோநொடி, ஆகவே செலவு ஏறக்குறைய 3,000 நானோநொடியோடு நிற்கும். பெரும்பாலான வேலை இந்த 33க்குள் அடங்கிவிடும் என்று நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிக்கவில்லையா? ரூட் அனுமதி இருந்தால் டீபக் கோப்புறையில் அந்த எண்ணை நீங்களே மாற்றலாம்.