வாகனத்துக்கு எண்ணெய் மாற்றுதலும் கிணற்றுத் தண்ணீரும்

வீட்டிலே வாகனம் வைத்திருப்பது பசு வைத்திருப்பதற்கு ஒப்பானது என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். வேளைக்குத் தீனி வைத்துத் தண்ணீர் காட்டாதவன், பாலுக்கு மாத்திரம் செம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போதல் முறையன்று. அவ்வாறே, வாகனத்தின் அடியிலே ஒரு தடவையேனும் குனிந்து பாராதவன், அது நடுவழியில் நின்றுவிட்டதென்று அதனைக் கடிந்து கொள்வதிலும் நியாயமில்லை.

எங்கள் வீட்டில் நிற்பது டீசலில் ஓடும் பழைய பிக்கப் ஒன்று. வயது இருபத்தைந்துக்கு மேலாயிற்று. வார நாள்களில் என்னைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லும். வார இறுதியில் என் தம்பியின் தோட்டத்து வாழைக்குலைகளையும் வெங்காயத்தையும் சந்தைக்குச் சுமக்கும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் பழைய வாகனம் உடையோர் யாவரும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டனர். உள்ளதைப் பேணாவிடின் வேறொன்று வாங்குதல் எளிதன்று என்பதே அப்பாடம். அக்காலந்தொட்டு எஞ்சின் ஒயில் மாற்றும் வேலையை யானே வீட்டில் செய்து வருகின்றேன். அதனை எவ்வாறு செய்வது என்பதையும், செய்யுங்கால் யான் விட்ட பிழைகளையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இவ்வேலை எனக்கு முற்றிலும் புதிதன்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தை எம்மவர் மறந்திரார். அப்போது தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 கார் இருந்தது. காபரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, அடியிலுள்ள ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருக்கும்! ஆகையால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். தந்தையார் காரின் கீழே படுத்திருக்க, பத்து வயதுப் பையனாகிய யான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்று கண்டதுதான் எனது முதற் பாடம்.

எஞ்சினுக்குள்ளே ஒயில் செய்யும் தொண்டு ஒன்றன்று. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையே மெல்லிய படலமாய் நிற்கின்றது. பிஸ்ரனிலும் பெயாரிங்கிலும் எழும் வெப்பத்தைச் சுமந்து செல்கின்றது. எரிதலால் உண்டாகும் கரியையும் உலோகத் துகள்களையும் தன்னுள் தாங்கி, ‘பில்ரர்’ என்னும் வடியிடம் சேர்ப்பிக்கின்றது. துருப்பிடியாமலும் காக்கின்றது. டீசல் எஞ்சினில் புதிய ஒயில் ஊற்றிச் சில நாள்களிலேயே கறுத்துவிடும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரியைத் தாங்கும் தன் கடமையை அது செய்கின்றது என்பதே பொருள். நிறத்தைப் பார்த்தன்று, ஓடிய தூரத்தையும் கழிந்த மாதங்களையும் பார்த்தே ஒயில் மாற்றுதல் வேண்டும். எனது பிக்கப்புக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே தவணை. பிற வாகனங்களுக்கு அவற்றின் கைநூல் கூறுவதே கணக்கு.

கடைக்குச் சென்றால் ‘15 டபிள்யூ 40’ போன்ற எண்கள் தகரத்தின்மேற் காணப்படும். இவை ஒயிலின் தடிப்பைக் குறிப்பன. முன்னுள்ள எண் குளிர்ந்த நிலைக்கும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசுக்கும் உரியவை. முன்னெண் சிறிதாயின், குளிர்ந்திருக்கும்போது ஒயில் எளிதாய் ஓடும். பின்னெண் பெரிதாயின், சூட்டிலும் தடிப்புக் கூடியதாய் நிற்கும். எண்களோடு எழுத்துகளும் உள்ளன. ‘சி’ என்று தொடங்கும் தரம் டீசலுக்கும், ‘எஸ்’ என்று தொடங்கும் தரம் பெற்றோலுக்கும் உரியது. அளவு, பிக்கப்புகளில் பெரும்பாலும் 5 முதல் 8 லீற்றர் வரை. தரத்தையும் அளவையும் கைநூலிற் பார்த்தபின்னரே பணத்தை எடுத்தல் நன்று.

இனி வேலைக்கு வருவோம். வாகனத்தைச் சமதரையில் நிறுத்துக. மணல் தரையும் சரிவும் ஆகா. கைப் பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிக்கப் உயரமான வாகனமாதலால் பெரும்பாலும் உயர்த்தாமலே கீழே புகுந்து வேலை செய்யலாம். உயர்த்தத்தான் வேண்டுமாயின், ஜக்கை மாத்திரம் நம்பி ஒருபோதும் தலையைக் கீழே நீட்டாதீர்கள். ஜக் என்பது தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. அதற்கென உள்ள இரும்புத் தாங்கிகளின் மேல் வாகனத்தை இருத்தி, ஒரு முறை அசைத்துப் பார்த்தபின்னரே உள்ளே செல்லவேண்டும். கல்லடுக்கி வேலை செய்வோரைக் கண்டிருக்கின்றேன். கல் வெடிக்கும், மனிதன் எழும்பமாட்டான்.

எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூட்டில் ஒயில் இலகுவாய் வடியும். கொதிக்கும் சூட்டில் தொட்டால் கை வெந்துவிடும். மேலேயுள்ள ஒயில் மூடியைத் தளர்த்தி வைத்தால் காற்றுப் புகுந்து வடிதல் விரைவுபடும். றப்பர்க் கையுறை அணிந்துகொள்ளுங்கள். பழைய ஒயில் நெடுங்காலம் தோலிற் படுதல் தோற் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம். சம்பின் அடியிலுள்ள நட்டுக்குப் பொருந்தும் வளைய ஸ்பனரையே பாவியுங்கள். வாயகன்ற ஸ்பனர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். நட்டுக் கழன்றதும் ஒயில் நேரே கீழே விழாது, சற்று முன்னே பாயும். அதனைக் கணக்கிட்டுப் பேசினை வைத்தல் வேண்டும். கால் மணி நேரம் வடியவிட்டு, நட்டின் வாசரைப் புதிதாக்கி மீண்டும் பூட்டுங்கள்.

நட்டைப் பூட்டும்போது பலத்தைக் காட்டலாகாது. முதன்முறை யான் முழுப் பலத்தோடும் முறுக்க முனைந்ததை, அயலிற் கராச் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் கண்டார்.

“மாஸ்ரர், உப்பிடி முறுக்கினால் சம்பின்ரை புரி போய்விடும். பிறகு நட்டு மாத்தினாலும் நிக்காது,” என்றார்.

“கழன்று விழாதோ அண்ணை?”

“இறுக்கம் வேறை, மல்லுக்கட்டுறது வேறை,” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொல்லைக் கேட்டு நட்டைக் காப்பாற்றிய யான், பில்ரரிற் கோட்டை விட்டேன். பழைய பில்ரரைக் கழற்றும்போது அதன் றப்பர் வளையமும் கூடவே வருதல் வேண்டும். அன்று அவ்வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கறுப்பிற் கறுப்பாய் நின்றமையால் யான் கவனிக்கவில்லை. அதன்மேலே புதிய பில்ரரைப் பூட்டி, ஒயிலை ஊற்றி, எஞ்சினை இயக்கினேன். வெளியே நின்ற என் மகன், “அப்பா, நிப்பாட்டுங்கோ! ஒயில் பாயுது!” என்று கத்தினான். திறப்பைத் திருப்பி நிறுத்துவதற்குள் புதிய ஒயிலில் இரண்டு லீற்றருக்கு மேல் முற்றத்து மண்ணிற் பரவிவிட்டது. பையன் அங்கு நில்லாதிருப்பின், ஒயில் வற்றிய எஞ்சின் சில நிமிடங்களிலே இறுகிப் போயிருக்கும். பிழை ஒரு றப்பர் வளையம். விலை ஓர் எஞ்சின். ஆதலால், பழைய பில்ரரைக் கழற்றியதும் வளையம் அதிலே இருக்கின்றதா என்று பாருங்கள். எஞ்சின் முகத்தையும் பழந்துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசி, அது முகத்திலே தொடும்வரை கையாற் சுழற்றி, அதன்பின் ஏறத்தாழ முக்காற் சுற்று மாத்திரம் இறுக்குங்கள். பில்ரரிலேயே அளவு அச்சிடப்பட்டிருப்பின் அதன்படி செய்க.

ஒயிலை முழுவதும் ஒரே தடவையில் ஊற்றாது, சற்றுக் குறைய ஊற்றிக் கம்பியால் அளந்து நிரப்புதல் நன்று. இரு குறிகளுக்கும் நடுவே, மேற்குறியை அண்டி மட்டம் நிற்கவேண்டும். மேற்குறியைக் கடத்தல் தாராளம் அன்று; கேடு. சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும்; நுரையாகிய ஒயில் உலோகத்தைக் காக்காது. பின்னர் எஞ்சினை இயக்குங்கள், உறுமவிடாதீர்கள். ஒயில் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்குச் சில விநாடிகளில் அணைதல் வேண்டும். அணையாவிடின் உடனே நிறுத்துக. கசிவு உண்டா என்று நட்டையும் பில்ரரையும் பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியிலே குறித்துவைப்பதோடு வாகனத்தின் வேலை முடிந்தது.

ஆனால், எமது வேலை முடியவில்லை. பேசினில் ஆறு லீற்றர் கறுத்த ஒயில் இருக்கின்றதே, அதனை என்செய்வது?

எங்கள் ஊர் வழக்கம் யாவரும் அறிந்ததே. கறையானுக்கென்று வேலிக் கதியாலின் அடியிலும் பனந்தூணின் அடியிலும் ஊற்றுவோம். மிஞ்சியதை வளவின் மூலைக் கிடங்கில் விடுவோம். தந்தையார் செய்தார், யானும் செய்தேன். அந்தக் கிடங்கிலிருந்து எங்கள் கிணற்றுக்கு இருபது அடி தூரமும் இல்லை. ஒருநாள் என் மகன் பேசினைப் பார்த்தபடி, “அப்பா, இது மண்ணுக்குள்ளை போய்ப் பிறகு எங்கை போகும்?” என்று கேட்டான். கல்லூரியிலே நாள்தோறும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் எனக்கு அன்று விடை சொல்ல நா எழவில்லை. விடை தெரியாமையால் அன்று, தெரிந்திருந்தமையால்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தின் அடியில் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அதுவே நாம் குடிக்கும் நன்னீர். மழையை விரைவாய் உள்ளே விடும் அவ்வெடிப்புகள் ஒயிலையும் விலக்குவதில்லை. என் கிணறு, அயலவன் கிணறு என்று மேலே வேலி போட்டிருக்கின்றோம். கீழே நீருக்கு வேலி கிடையாது.

இதன் விளைவை நாம் கண்ணாற் கண்டவர்கள். சுன்னாகத்து அனல்மின் நிலையச் சூழலிலிருந்து நிலத்தடி நீரிற் கழிவு எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே பெரும் கவலையாய் எழுந்தது. கிணற்றடியில் நின்றுகொண்டே, குடிக்கத் தண்ணீர் இல்லையென்று பவுசரை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்றவர்கள் பலர். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட கிணற்றுடையோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனியைப் பணித்தது. நிலையத்தின் எண்ணெய்க்கு நீதிமன்றம் உண்டு. என் வளவில் யான் ஊற்றும் ஒயிலுக்கு என் மனச்சாட்சியன்றி வேறு மன்றம் ஏது? ஒரு தடவை மாற்றும் ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எச்சரித்திருக்கின்றது.

அன்று அந்த ஒயிலை மண்ணில் ஊற்றவில்லை. புதிய ஒயில் வந்த கானிலேயே புனல் வைத்து நிரப்பினேன். பழைய பில்ரரைத் தலைகீழாய் ஒரு நாள் வடியவிட்டுப் பையிற் கட்டினேன். அயலிலுள்ள கராச்சில் விசாரித்தபோது, கழிவு ஒயிலைப் பீப்பாவிற் சேர்த்துவைத்துச் சேகரிப்போரிடம் கொடுப்பதாகப் பெரியவர் சொன்னார். பழைய ஒயிலைத் தக்க ஆலையில் மீளச் சுத்திகரித்துப் பாவிக்கலாம். சீமெந்துச் சூளையின் பெருவெப்பத்தில் எரிபொருளாக்கவும் கூடும். ஆனால் அதனோடு தண்ணீரோ பெற்றோலோ மண்ணெண்ணெயோ கலந்தால் அது பயனற்றதாகிவிடும். ஆதலின் தனிக் கானில் வைத்தலே முறை.

கானைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது, விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலிருந்து தந்தையார் குரல் கொடுத்தார்.

“உதை எங்கை கொண்டு போறாய்? வேலிக்கு ஊத்தன்.”

“கராச்சுக்கு, ஐயா. கிணறு கிட்டத்திலை கிடக்குது.”

எண்பது வயதைக் கடந்த அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மூலைக் கிடங்கு இருந்த பக்கத்தையும், பின் கிணற்றடியையும் பார்த்தார். “நாங்கள் உதை அப்ப யோசிக்கேல்லை,” என்றார். நான் படலையை அடைந்ததும் மீண்டும் அழைத்தார்.

“கானுக்கு மூடி இறுக்கமோ எண்டு பார்.”

பார்த்தேன். சற்றுத் தளர்ந்துதான் இருந்தது. இறுக்கிக்கொண்டு சென்றேன்.

வாசகர்களே, வாகனத்தைப் பேணுங்கள். இயலுமாயின் உங்கள் கையாலேயே பேணுங்கள். அதனால் செலவும் குறையும், வாகனத்தின் குணமும் விளங்கும். ஆனால் ஒயில் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், கழிக்கும் ஒயிலுக்கு ஒரு கானைத் தேடி வையுங்கள். வேலை அந்தக் கானிலிருந்துதான் தொடங்குகின்றது.