300 சொல் கட்டுரையும் 15 நாள் போக்குவரத்துப் பணியும்: இளையோரைச் சமூக சேவை செய்யக் கட்டாயப்படுத்தலாமா? புனே வழக்கு எழுப்பிய கேள்விகள்

புனே: இளம் வயதினர் சமூக சேவை செய்வதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்ற விவாதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. எனினும், அது கல்வியாளர்களின் கருத்தரங்குகளைத் தாண்டி வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பேசப்பட்டது 2024ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். மகாராஷ்டிர மாநிலம் புனேயில் இருவர் உயிரிழந்த கார் விபத்து வழக்கில், சிறார் நீதி வாரியம் விதித்த ஜாமீன் நிபந்தனைகளே அதற்குக் காரணம். அந்த வழக்கில் நடந்தது என்ன, சட்டம் சொல்வது என்ன, கட்டாய சேவை எந்த இடத்தில் பயன் தரும் என்பதை இங்கே காணலாம்.

நடந்தது என்ன?

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. புனேயின் கல்யாணி நகர் பகுதியில், 17 வயதுச் சிறுவன் மது அருந்திவிட்டு ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே சொகுசு கார், இரு சக்கர வாகனம் ஒன்றின் மீது மோதியது. அதில் சென்ற இளைஞரும் இளம்பெண்ணும் உயிரிழந்தனர். இருவரும் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றியவர்கள். இருவருக்கும் வயது 24.

அன்றைய தினமே சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தப்பட்ட சிறுவனுக்கு ஜாமீன் வழங்கப்பட்டது. சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும், 15 நாட்கள் போக்குவரத்துக் காவலர்களுடன் இணைந்து பணியாற்ற வேண்டும், மதுப் பழக்கம் தொடர்பாக மனநல ஆலோசனை பெற வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளில் அடங்கும்.

இந்தச் செய்தி வெளியானதும் நாடு முழுவதும் கொந்தளிப்பு எழுந்தது. உயிரிழந்தோரின் உடல்கள் சொந்த ஊர் சென்று சேரும் முன்பே, காரை ஓட்டியதாகக் கூறப்படுபவர் வீடு திரும்பிவிட்டார் என்பது பலரின் ஆதங்கமாக இருந்தது. அப்போது மாநில உள்துறையைக் கவனித்துவந்த துணை முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ், வாரியத்தின் உத்தரவு அதிர்ச்சி அளிப்பதாகக் கூறினார். லாரி, பேருந்து, ஆட்டோ ஓட்டுநர்களிடம் இப்படிக் கட்டுரை எழுதச் சொல்வதில்லையே என்று காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தி கேள்வி எழுப்பினார்.

மே 22ஆம் தேதி வாரியம் தனது உத்தரவை மாற்றி, சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜாமீன் ரத்து செய்யப்படாத நிலையில் அவ்வாறு அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று ஜூன் 25ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவன் அத்தையின் பராமரிப்பில் விடப்பட்டார். ஜூலை மாதத் தொடக்கத்தில், 300 சொல் கட்டுரை வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதற்கிடையே, சிறுவனின் ரத்த மாதிரியை மாற்றியதாக எழுந்த குற்றச்சாட்டில் அரசு மருத்துவர்களும் சிறுவனின் பெற்றோரும் கைது செய்யப்பட்டனர். வாரியத்தில் அரசால் நியமிக்கப்பட்டிருந்த இரு உறுப்பினர்களை அதே ஆண்டு அக்டோபரில் மாநில அரசு பதவி நீக்கியது.

சேவை செய்யச் சொல்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. பரபரப்பான விவாதங்களில் கவனிக்கப்படாமல் போன செய்தி இது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 18ஆவது பிரிவில், தவறு செய்த சிறாருக்கு வாரியம் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகளை வரிசைப்படுத்துகிறது. அறிவுரை கூறி அனுப்புதல், ஆலோசனை வகுப்பு, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, மூன்று ஆண்டுகள் வரை சிறப்பு இல்லத்தில் தங்கவைத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

சமூக சேவை என்பது எது என்பதை, 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் விளக்குகின்றன. 14 வயதைக் கடந்த சிறார், பூங்காவைப் பராமரித்தல், முதியோருக்கு உதவுதல், மருத்துவமனையில் துணைப் பணி செய்தல், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவுதல், போக்குவரத்துத் தன்னார்வலராகச் செயல்படுதல் முதலியவை அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஆகவே, போக்குவரத்துக் காவலர்களுடன் பணியாற்றச் சொன்னது வாரியம் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல.

அப்படியானால் தவறு எங்கே?

உத்தரவின் காலமும் அளவுமே கேள்விக்குரியவை. 18ஆவது பிரிவு, விசாரணை முடிந்து சிறார் தவறு செய்தது உறுதியான பிறகு பொருந்துவது. நன்னடத்தை அலுவலரின் சமூகப் பின்புல அறிக்கையைப் பரிசீலித்து, சிறாரின் சூழலையும் குற்றத்தின் தன்மையையும் எடைபோட்ட பின்னரே அத்தகைய உத்தரவு பிறப்பிக்கப்பட வேண்டும்.

புனேயில் நிகழ்ந்தது வேறு. விபத்து நடந்த நாளிலேயே, விடுமுறை நாளில் பணியில் இருந்த ஒற்றை உறுப்பினர் ஜாமீன் வழங்கினார். சிறாருக்கு ஜாமீன் வழங்குவது சட்டத்தின் இயல்பான நடைமுறை. 12ஆவது பிரிவு அதையே வலியுறுத்துகிறது. ஆனால், கட்டுரையும் போக்குவரத்துப் பணியும் ஜாமீனுடன் சேர்த்து அறிவிக்கப்பட்டதால், இரண்டு உயிர்களுக்கு இதுதான் தண்டனை என்று பொதுமக்கள் புரிந்துகொண்டனர். விசாரணையே தொடங்காத வழக்கு, முடிந்துவிட்டதைப் போன்ற தோற்றம் உருவானது.

இதனால் இரு தரப்புக்கு இழப்பு ஏற்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், தங்கள் துயரம் 300 சொற்களால் அளக்கப்பட்டதாக உணர்ந்தன. மறுபுறம், சமூக சேவை என்ற சொல்லே கேலிக்குரியதாயிற்று. சிறு திருட்டிலோ அடிதடியிலோ சிக்கி, வழக்கறிஞர் வைக்க வசதியின்றி வாரியத்தின் முன் நிற்கும் சிறுவனுக்கு, கூர்நோக்கு இல்லத்துக்குப் பதிலாகக் கிடைக்கக்கூடிய வாய்ப்பு அது. வசதியுள்ளவருக்கான சலுகை என்று அந்த வாய்ப்புக்கு முத்திரை விழுந்தால், இழப்பு முதலில் அவனுக்கே.

சென்னையில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு

ஜாமீன் நிபந்தனையாகச் சேவையை விதிப்பது தமிழ்நாட்டிலும் உண்டு. 2022ஆம் ஆண்டில், சென்னையில் இரு சக்கர வாகன சாகசத்தில் ஈடுபட்ட இளைஞருக்கு முன்ஜாமீன் வழங்கிய சென்னை உயர் நீதிமன்றம், போக்குவரத்து சிக்னலில் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளை வழங்க வேண்டும் என்றும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்து சிகிச்சைப் பிரிவில் உதவ வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பரவலாக வரவேற்கப்பட்டது.

இரு உத்தரவுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றாலும் வேறுபாடு தெளிவானது. சென்னை வழக்கில் உயிரிழப்பு இல்லை. வேகத்தின் விளைவு என்ன என்பதை விபத்துப் பிரிவின் படுக்கைகளுக்கு அருகில் நின்று இளைஞர் நேரில் காண வேண்டியிருந்தது. செய்த செயலுக்கும் செய்யச் சொன்ன பணிக்கும் இடையே பொருத்தம் இருந்தது.

2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை முதன்முறையாகப் பொதுக் குற்றவியல் சட்டத்தின் தண்டனைப் பட்டியலில் சேர்த்தது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடி அதைத் திருப்பி ஒப்படைத்தல், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகாத முறையில் நடந்துகொள்ளுதல், அவதூறு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்ற விவரங்களைச் சட்டம் வரையறுக்கவில்லை.

அனைத்து இளைஞர்களுக்கும் கட்டாயமாக்கினால்?

குற்றம் செய்தவர்கள் ஒருபுறம் இருக்க, கல்லூரியில் சேரும் ஒவ்வொருவருக்கும் சேவையைக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனையும் நெடுநாளாக உள்ளது. தன்னார்வச் சேவை மரபுக்குப் புனே பெயர்பெற்றது. 1905ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியது இந்நகரில்தான். கோகலேயின் மறைவுக்குப் பின் 1915இல் அதன் தலைமையை ஏற்றவர், வலங்கைமானில் பிறந்த தமிழரான வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அச்சங்கத்தில் சேர்ந்தவர்கள் எவரும் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள் அல்லர்.

சுதந்திரத்துக்குப் பின், 1959ஆம் ஆண்டில் சி.டி.தேஷ்முக் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவை செய்வதைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. பிற நாடுகளின் அனுபவங்களை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி.சையிதைன், கட்டாயமின்றித் தன்விருப்பத்தின் அடிப்படையில் தொடங்குவதே நல்லது என்றார். அந்தக் கருத்தே ஏற்கப்பட்டது. 1969 செப்டம்பர் 24ஆம் தேதி, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். புனேயின் சாவித்ரிபாய் பூலே பல்கலைக்கழகத்திலும் தமிழகக் கல்லூரிகளிலும் இத்திட்டம் இன்றும் செயல்படுகிறது.

கட்டாயத்தையும் இந்தியா சோதித்துப் பார்த்துள்ளது. சீனப் போரைத் தொடர்ந்து, 1963இல் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அரசமைப்புச் சட்டம் இதற்குத் தடையாக இல்லை. கொத்தடிமை முறையையும் வெட்டி வேலையையும் தடைசெய்யும் 23ஆவது பிரிவே, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாய சேவையை விதிக்கலாம் என்றும் கூறுகிறது. ஆனால், மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது நிபந்தனை. தலைமுறை தலைமுறையாகச் சில சமூகத்தினர் மட்டும் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட நாட்டில், அந்த நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அன்று. துடைப்பம் யார் கைக்குச் செல்கிறது, மேசைப் பணி யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் கண்காணிக்காத கட்டாய சேவை, பழைய அநீதிக்குப் புதிய பெயராகிவிடும்.

வெளிநாடுகளில் எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேர சமூக ஈடுபாடு கட்டாயம். டொராண்டோவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது பழக்கமான விதி. எங்கு பணியாற்றுவது என்பதை மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992இல் 75 மணி நேர சேவைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் ஆண்களுக்கான தேசிய சேவை 1967 முதல் கட்டாயம். அது ராணுவம், காவல், குடிமைப் பாதுகாப்பு சார்ந்தது. ஜெர்மனியில் ராணுவச் சேவையை மறுத்தவர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணியாற்றும் முறை, 2011இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்டபோது முடிவுக்கு வந்தது.

இவற்றில் பொதுவான கூறு ஒன்று உண்டு. எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை மாதம் என்பது முன்கூட்டியே தெரியும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அளவு ஒன்றே. அந்த முன்னறிவிப்பும் சமத்துவமும் இல்லாததே புனே உத்தரவு மக்களின் கோபத்துக்கு உள்ளாகக் காரணம். சேவை செய்யச் சொன்னதற்காக எவரும் வெகுண்டெழவில்லை. விசாரணைக்கு முன்பே, சிலருக்கு மட்டும் அது கிடைக்கிறதோ என்ற ஐயமே அவர்களை வெகுண்டெழச் செய்தது.

பெற்றோரின் பொறுப்பு

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சாவியைக் கொடுத்த கையையும் சட்டம் கேள்வி கேட்கிறது என்பது பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது.

அடுத்து என்ன?

சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற புனே காவல் துறையின் கோரிக்கையை, 2025 ஜூலை 15ஆம் தேதி சிறார் நீதி வாரியம் நிராகரித்தது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள் என வரையறுக்கப்படாத குற்றங்களைக் கொடுங்குற்றப் பிரிவில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது இங்கு குறிப்பிடத்தக்கது.

சிறாராகவே விசாரிக்கப்பட்டு, தவறு உறுதியானால், வாரியத்தின் முன் இருக்கப்போவது 18ஆவது பிரிவின் பட்டியல்தான். அறிவுரை முதல் மூன்றாண்டு சிறப்பு இல்லம் வரை நீளும் அந்தப் பட்டியலில், சமூக சேவையும் உண்டு. 2024 மே மாதத்தில் ஒரே நாளில் எழுதப்பட்ட நிபந்தனை, அப்போது சட்டம் வகுத்த இடத்தில், சாட்சியங்களையும் இரு குடும்பங்களின் இழப்பையும் எடைபோட்ட பிறகு பரிசீலிக்கப்பட வேண்டியதாக இருக்கும்.