நடுவழியில் வரும் ஜனவரி

ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் எந்த வேலையும் புதிதாகத் தொடங்குவதில்லை. பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் முடிகிறது. வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதுதான் வருஷம். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்த சம்பா அப்போது கதிர் பிடித்து வயலில் நிற்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் மார்கழி பாதிதான் ஆகியிருக்கும். எல்லாம் நடுவில் இருக்க, சுவரில் காலண்டர் மட்டும் மாறுகிறது. மனசு அதோடு சேர்ந்து மாறவில்லையே என்று நம்மில் எத்தனையோ பேர் வருத்தப்படுகிறோம்.

கும்பகோணத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் வகுப்புக்குள் நுழைந்தால் முகங்களே சொல்லிவிடும். நன்றாகப் படிக்கிற பெண்கூட, "மூடே இல்ல மிஸ்" என்பாள். ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். விடைத்தாள் திருத்திய களைப்பு தீரவில்லை; திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் கேட்டுச் சுற்றறிக்கை வந்துவிடும். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏழு மாதம் ஓடியவர்களுக்கு வரும் அசதி இது. ஓட்டம் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது.

வருஷத்தை ஜனவரியில் தொடங்குவது ரோமாபுரி வழக்கம். கி.மு. 153 முதல் அங்கே ஆட்சித் தலைவர்கள் ஜனவரி 1 அன்று பதவி ஏற்றார்கள். இங்கிலாந்தேகூட 1752 வரை மார்ச் 25-ஐத்தான் சட்டப்படி வருஷப் பிறப்பாக வைத்திருந்தது. ஆட்சியோடும் அலுவலகத்தோடும் நம்மிடம் வந்த தேதி இது. அதைக் கொண்டாடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே புதிய மனிதராகிவிட வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

புத்தாண்டுச் சோர்வைப் பற்றி நாம் படிக்கும் குறிப்புகளில் பலவும் குளிர்நாடுகளில் பிறந்தவை. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. வெளிச்சம் குறையும் பருவத்தில் சிலருக்கு மனச்சோர்வு நோயே வருவதை நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர் 1984-இல் விவரித்தார். நமக்கு மார்கழியிலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரப் பகல் கிடைக்கிறது. நம் அசதிக்கான காரணங்கள் வேறு. அக்டோபரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை, அதோடு வீட்டுக்கு வீடு வரும் காய்ச்சல், தீபாவளிக்கு வாங்கிய கடன், பிள்ளைகளின் பரீட்சை, விவசாயிக்கு அறுவடை வரையில் காலியாக இருக்கும் கை. இவையெல்லாம் சேர்ந்துதான் ஜனவரியில் நம்மை உட்கார வைக்கின்றன. விளக்கைப் பெரிதாக ஏற்றினால் தீர்கிற பிரச்சினை இல்லை இது.

திருவிடைமருதூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் என் அண்ணன், சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேரும்வரை எந்தப் புதுப் பேச்சையும் காதில் வாங்க மாட்டார். "தை பொறக்கட்டும்மா, பாத்துக்கலாம்" என்பார். மார்கழியில் கல்யாணமோ கிரகப்பிரவேசமோ வைப்பதில்லை என்ற வழக்கத்துக்கு ஆன்மிகக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் உழவனின் நிதானமும் தெரிகிறது. கையில் எடுத்த வேலை முடிவதற்கு முன் அடுத்த சுமையை ஏற்றாதே என்கிற நிதானம். அதற்காக மார்கழியில் யாரும் சும்மா படுத்திருப்பதும் இல்லை. விடியலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள், கோயிலுக்குப் போய் வருகிறார்கள். எல்லாம் அன்றன்றைக்கு முடிகிற சின்ன வேலைகள். போகிக்குப் பழையதை ஒழித்து, பொங்கலுக்குப் பிறகு பெரிய காரியங்களில் இறங்குகிறார்கள். ஜனவரியின் முதல் இரண்டு வாரத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

வகுப்பில் நான் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஜனவரி முதல் வாரத்தில் மாதிரி வினாத்தாளைத் தொடவே மாட்டேன். 90 மதிப்பெண் தாளை முழுசாக நீட்டினால், களைத்திருக்கும் பெண் கடைசிப் பக்கத்து ஐந்து மதிப்பெண் கேள்விகளைப் பார்த்தே மூடி வைத்துவிடுவாள். அதனால் ஜூனில் நடத்திய முதல் பாடத்துக்குத் திரும்பிப் போவேன். அது அணிகள். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றைப் பலகையில் எழுதி, நேர்மாறு காணச் சொல்வேன். இரண்டு மதிப்பெண் கணக்கு. அணிக்கோவை மதிப்பைக் கண்டுபிடித்து, மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு எண்களை இடம் மாற்றி, மற்ற இரண்டுக்கும் குறி மாற்றி, மதிப்பால் வகுத்தால் முடிந்தது. தூக்கக் கலக்கத்திலும் போடலாம். ஒன்று சரியாக வந்ததும் இரண்டாவது. மூன்றாவதில் ஒரு எண்ணை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறதாக வைப்பேன். மணி அடிக்கும்போது எவளாவது ஒருத்தி, "இன்னொண்ணு குடுங்க மிஸ்" என்பாள். அதற்கு முன் நான் ஊக்கமூட்டும் பேச்சு ஒன்றும் பேசியிருக்க மாட்டேன். கை நகர்ந்தது, கணக்கு வந்தது, மனசு பின்னாலேயே வந்தது. மூன்று மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கணக்குகளெல்லாம் பொங்கல் விடுமுறை கழித்துத்தான்.

மனநல மருத்துவத்திலும் இதே வரிசை உண்டு. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970-களில் மனச்சோர்வு பற்றிச் சொன்ன விளக்கம் எளிமையானது. மனம் சோர்ந்தவர் செய்வதைக் குறைக்கிறார். செய்வது குறைந்தால் அதனால் கிடைக்கும் சந்தோஷமும் நிறைவும் குறைகின்றன. அதனால் இன்னும் சோர்கிறார். ஊக்கம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருப்பவர் இந்தச் சுழலுக்குள்ளேயே நிற்கிறார். குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட சின்னச் செயல் ஒன்றைச் செய்ய வைத்து வெளியே இழுக்கும் சிகிச்சை இன்று பல நாடுகளில் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படுகிறது.

தேதியைப் பற்றியும் கவலை வேண்டாம். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது போன்ற நல்ல முயற்சிகள் வருஷப் பிறப்பில் மட்டும் கூடுவதில்லை என்று காட்டியது. வாரத் தொடக்கம், மாதப் பிறப்பு, கல்விப் பருவத்தின் தொடக்கம் எல்லாவற்றிலும் கூடுகின்றன. தை முதல் தேதி இருக்கிறது, சித்திரை இருக்கிறது, எந்தத் திங்கட்கிழமையும் இருக்கிறது. ஒரு பழக்கம் படிவதற்கு எத்தனை நாள் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். இருபத்தொரு நாளில் எல்லாம் பழகிவிடும் என்று மேடையில் சொல்கிறார்களே, அது அங்கே நிற்கவில்லை. இடைநிலை அளவு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. கணக்கு டீச்சராக எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

எனக்கு மூட்டு வலி உண்டு. மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வருவதோடு நிறுத்திக்கொள்வேன். மாலையில் பள்ளிப் பையை வீட்டில் வைத்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் விதி. உட்கார்ந்து காபி குடித்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். எதைச் செய்யப்போகிறோம் என்பதோடு எப்போது, எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே எழுதியிருக்கிறார். ஒரு சுற்று எந்த மூலைக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பத்து நிமிஷமாவது தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் என்ற இலக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் சிறு நடையும் அதில் சேரும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனசு கனத்துக் கிடந்தால், பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய்விட்டால், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், அது வருஷப் பிறப்பு அசதி இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பெண்கள் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பில் ரத்தம் குறைந்த பெண்ணிடம் ஊக்கம் இல்லை என்று குறை சொல்வது அநியாயம்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட பிள்ளைகள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அரையாண்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு புத்தாண்டைத் தொடங்காதீர்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பொங்கல் வரைக்கும் அவர்களை நன்றாகத் தூங்க விடுங்கள். தெரிந்த பாடத்திலிருந்து தினம் இரண்டு கணக்கு போடட்டும். மீதியை விடுமுறை முடிந்து வரும்போது பள்ளியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.