ஊர் எத்தனை மணி நேரத் தூரம்?

"சிங்கப்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் பலரும் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. "நாலு மணி நேரம்" என்பார்கள். அந்தப் பதில் சரிதானா?

இந்தக் கணக்கின் தொடக்கம் ஃபேரர் பார்க்கில் இருக்கிறது. இன்று ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரில் மட்டும் எஞ்சியிருக்கும் பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச் 16 அன்று ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார். 1919 நவம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ராஸ் ஸ்மித்தின் விமானம், பல ஊர்களில் இறங்கி ஏறி, டிசம்பர் 4ஆம் தேதி இதே திடலில் வந்து இறங்கியது. இடம் போதாது என்பதால், உடன் வந்த பென்னட் விமானத்தின் முதுகின்மேல் ஊர்ந்து வால் பகுதிக்குச் சென்று, தம் எடையால் அதைத் தரையில் அழுத்தி நிற்க வைத்தார். அன்று 22 நாள் பிடித்த லண்டன் வழி இன்று ஏறக்குறைய 13 அல்லது 14 மணி நேரம்.

தமிழகத்துக்கோ அன்று கப்பல்தான். 'ரஜூலா' போன்ற கப்பலில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, நாகப்பட்டினம் வழியாகச் சென்னை சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஊரிலிருந்து துக்கத் தந்தி வந்தால் இங்கேயே தலை முழுகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்று போய்ச் சேரலாம். ஆனால் கணக்குத் தவறக்கூடாது. சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். திருச்சிக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

பலர் தடுமாறுவது கடிகாரத்தில். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை 11 மணிக்கு இங்கே ஏறி நாலு மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே மதியம் 12.30. பயணச்சீட்டில் அச்சாகியிருப்பதும் அந்த 12.30தான். அதிலிருந்து மறுபடியும் இரண்டரை மணி நேரத்தைக் கழித்து, "பத்து மணிக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? காத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, இறங்கிய பிறகுள்ள வழி. தஞ்சாவூர்க்காரர் முதலில் கிடைத்த சென்னை விமானத்தில் ஏறினால், இறங்கியபின் சாலையில் இன்னும் ஆறேழு மணி நேரம் போக வேண்டும். திருச்சியில் இறங்கினால் ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்படும் திருச்சி விமானமே அவரை முன்னதாக வீட்டில் சேர்க்கும்.

ஆகவே நாலு மணி நேரம் என்பது வானத்தின் கணக்கு மட்டுமே. விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போவது, குடிநுழைவுச் சோதனை, சாலைப் பயணம் எல்லாம் கூட்டினால் தஞ்சைக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடும். எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஊரில் கேட்கும்போது, இந்திய நேரத்தில் வீட்டு வாசலை அடையும் மணியைச் சொல்ல வேண்டும். அதோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்வது இன்னும் நல்லது.