விரலால் வாசிக்கும் தமிழ்: வீட்டார் எல்லோரும் கற்கவேண்டிய ஆறு புள்ளிகள்

எறிகணையாலும் மிதிவெடியாலும் பார்வையை இழந்தவர்கள் நம் மத்தியில் வாழ்கிறார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டு, தொண்டைமானாற்றுப் பக்கத்திலும் வடமராட்சியின் பிற ஊர்களிலும் தங்கிய குடும்பங்கள் பாடசாலை, காணி, கிணறு எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தன. அப்படிப்பட்ட வேளையில் வீட்டில் பார்வையற்ற ஒருவர் இருந்தால், "இவருக்கு இனி எழுத்து எதற்கு?" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறு. அவருக்கென ஓர் எழுத்து உண்டு. அதை நாமும் கற்கலாம்.

எப்படிப் பிறந்தது?

பிரான்சில் சார்ள்ஸ் பார்பியே என்பவர் பேச்சின் ஒலிகளைப் புள்ளிகளால் குறிக்கும் எழுத்தொன்றை ஆக்கினார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டதால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் ஊசி பட்டுப் பார்வையிழந்த லூயி பிறெயில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி 1829 இல் நூலாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிறெயில் முறை 1951 இல் வகுக்கப்பட்டது. இலங்கையில் தமிழுக்கும் அம்முறையே பயன்படுகிறது.

புள்ளிகளின் வரிசை

வெங்காயம் நடும் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வரிசை; வரிசைக்கு மூன்று குழி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தக் குழியில் புள்ளி மேடாக எழும்பியிருக்கிறது என்பதை வைத்தே எழுத்தை அறிகிறோம்.

உயிர்: அ 1, ஆ 345, இ 24, ஈ 35, உ 136, ஊ 1256, எ 26, ஏ 15, ஐ 34, ஒ 1346, ஓ 135, ஔ 246.

அகரமேறிய மெய்: க 13, ங 346, ச 14, ஞ 25, ட 23456, ண 3456, த 2345, ந 1345, ப 1234, ம 134, ய 13456, ர 1235, ல 123, வ 1236, ழ 12356, ள 456, ற 12456, ன 56.

மெய்யின் குற்றுக்கு 4, ஆய்தத்துக்கு 6. தமிழின் 247 எழுத்துக்களையும் எழுத இந்த 32 குறிகளே போதும்.

வாசிக்கும் விதிகள்

1. மெய்க்குறி தனித்து நின்றால் அகரத்தோடு வாசிக்க வேண்டும். 13 என்றால் "க".

2. உயிர்மெய்க்கு, மெய்யை முதலிலும் உயிரை அடுத்தும் எழுத வேண்டும். "வீடு" என்பது வ, ஈ, ட, உ. அச்செழுத்தில் "கொடி" என்பதன் கொம்பு முன்னே வரும், அரவு பின்னே வரும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. க, ஒ, ட, இ என்று வாய் சொல்லும் ஒழுங்கிலேயே கை எழுதும்.

3. குற்று மெய்க்கு முன்னே வரும். "மண்" என்பது 134, 4, 3456. "அம்மா" என்பது 1, 4, 134, 134, 345.

4. விரல் இடமிருந்து வலமாக மெதுவாக வழுக்கிச் செல்ல வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குத் தொடக்கத்தில் புள்ளி தெளிவாகப் படாது. அதற்காக அழுத்தக் கூடாது. அழுத்தினால் உணர்வு குறையும், புள்ளியும் அமுங்கிப்போகும்.

எழுதும் விதி

தடித்த தாளைப் பிறெயில் பலகையில் செருகி, ஊசியால் குத்துகிறோம். மேடு தாளின் மறுபக்கத்தில் எழும்புகிறது. ஆகவே வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 1, 2, 3 வலப்பக்கம் அமையும். தாளைத் திருப்பியதும் எல்லாம் நேராகிவிடும். பழகுவோர் தடுமாறும் இடம் இதுதான். முட்டை அட்டையில் ஆறு குழிகளை வெட்டியெடுத்து, புளியங்கொட்டையை இட்டும் எடுத்தும் முதலில் வாசிக்கப் பழக்குங்கள். குறிகள் மனத்தில் பதிந்த பிறகு ஊசியைக் கொடுக்கலாம்.

ஏன் வீட்டார் கற்க வேண்டும்?

இன்று கைத்தொலைபேசி எழுத்தை வாசித்துக் காட்டுகிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாளை மீனும் வாழை மரமும் பலர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. கேட்டு மட்டும் பழகிய பிள்ளைக்கு எது ள, எது ழ என்று தெரியாது. 456 என்றும் 12356 என்றும் விரலால் அறிந்த பிள்ளைக்குத் தெரியும். கேட்பது அறிவைத் தரும்; ஆனால் பிழையின்றி எழுத எழுத்தறிவு வேண்டும்.

கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பணியாற்றுபவை. பிள்ளையை மறைத்து வைக்காமல் அங்கு கூட்டிச்சென்று விசாரியுங்கள். ஆனால் பாடசாலை மட்டும் போதாது. பிள்ளை ஆசையோடு எழுதிக் கொண்டுவரும் தாளை வாசிக்க வீட்டில் ஒருவருமில்லை என்றால், அந்த எழுத்து ஊமையாகிவிடும். பார்வையுள்ள நமக்கு இது இன்னும் இலகு. புள்ளிகளைக் கண்ணாலேயே வாசிக்கலாம்.

நாளுக்கு ஐந்து குறி என்று விளக்கு வைத்தபின் எல்லோருமாகப் பழகினால் ஒரு கிழமையில் 32 குறிகளும் அறிமுகமாகிவிடும். விரல் வேகம் பெற மாதங்கள் செல்லும், பொறுமை வேண்டும். முதலில் பிள்ளையின் பெயரையும், அடுத்து அம்மா, அப்பா பெயர்களையும், பிறகு விட்டுவந்த ஊரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.