மாற்றமும் மன்றமும்

மக்கள் ஒருவரோடொருவர் பேசும் மொழிக்கு இலக்கணம் இருத்தல் போலவே, அவர்கள் கணினிக்கு ஏவலிடும் மொழிக்கும் இலக்கணம் உண்டு. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உளது. நாம் பேசும்போது ஒரு சொல்லை விட்டுவிட்டாலும், ஓர் எழுத்தை மாற்றி ஒலித்தாலும், கேட்போர் குறிப்பினால் பொருளை உணர்ந்துகொள்வர். கணினியோ குறிப்பறியாது; விதி எவ்வாறு உளதோ அவ்வாறே நடக்கும். கணினி செய்ய வேண்டுவனவற்றை முறைப்பட எழுதிவைத்த ஏவல் தொகுதியை நிரல் என்பர். மொழியின் விதியொன்றைச் சிறிது மாற்றினாலும், அவ்விதியை நம்பி எழுதப்பெற்ற நிரல்கள் பல பிழைபட்டு நின்றுவிடுதல் கூடும்.

அங்ஙனமாயின் விதியை மாற்றும் உரிமை யாருக்கு உரியது? அம்மாற்றத்தை எம்முறையில் செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காணப் பைத்தான் என்னும் கணினி மொழியின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

பைத்தான் மொழியை ஆக்கியவர் கைடோ வான் ராசம் என்னும் நெதர்லாந்து நாட்டு அறிஞர். அவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், 1989-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இதனைத் தொடங்கி, 1991-இல் உலகிற்கு அளித்தார். பைத்தான் என்பது மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லாயினும், அவர் அப்பெயரை இங்கிலாந்து நாட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இம்மொழி திறந்த மூல வகையைச் சேர்ந்தது. அஃதாவது, மொழியை இயக்கும் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி திருத்தத் தொடங்கினால் பொதுமொழி என ஒன்று இராது. ஒருவர் எழுதிய நிரல் மற்றொருவர் கணினியில் ஓடாது. ஆகவே, உரிமை அனைவருக்கும் உண்டெனினும், பொது வழக்கைக் காக்க முறையொன்று வேண்டியதாயிற்று. அம்முறை 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. அதற்குப் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு என்று பெயர்.

மொழியில் பெரியதொரு மாற்றம் வேண்டுமென விழைபவர், அதனை வாய்ச்சொல்லாகக் கூறிவிட்டு அமைதல் போதாது; முன்மொழிவாக எழுதித் தருதல் வேண்டும். இப்போதுள்ள குறை யாது, புதிய விதி யாது, அதனால் பழைய நிரல்களுக்கு இடையூறு நேருமா, புதிதாகக் கற்பார்க்கு இதனை எவ்வாறு கற்பிப்பது என்பனவெல்லாம் அதனுள் இடம்பெறும். முன்மொழிபவர் மொழியைப் பேணும் முதன்மைப் பணியாளர் அல்லராயின், அப்பணியாளருள் ஒருவர் அதற்குத் துணையாக நிற்றல் வேண்டும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் எண் இட்டு, யாவரும் காணுமாறு வைப்பர். பின்னர் விவாதம் நிகழும்.

இம்முறையில் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்று உண்டு. முன்மொழிபவர் தம் கருத்துக்கு ஆதரவானவற்றை மட்டும் எழுதிவிட முடியாது. மறுப்போர் கூறும் காரணங்களையும் அவரே அம்முன்மொழிவில் பதிவுசெய்தல் வேண்டும். ஆராய்ந்து கைவிட்ட வழிகளையும், கைவிட்ட காரணத்தையும் குறித்தல் வேண்டும். முன்மொழிவு முழுவதும் தள்ளப்பட்டாலும் அதனை அழித்துவிடுவதில்லை. தள்ளப்பட்டது என்னும் குறிப்போடு காத்துவைப்பர். பின்வருவோர் அதே கருத்தை மீண்டும் எழுப்பும்போது, முன்னோர் ஆராய்ந்த இடத்திலிருந்து அவர்கள் தொடங்கலாமன்றோ?

காலம் கனியாமையால் ஒருமுறை தள்ளப்பட்ட கருத்துப் பின்னர் ஏற்கப்படுதலும் உண்டு. ‘இது மெய்யாயின் இம்மதிப்பு, அன்றேல் அம்மதிப்பு’ என்பதனை ஒரே கோவையாக எழுதும் வடிவம் வேண்டுமென 2003-இல் முன்மொழிவு ஒன்று எழுந்தது. பல வடிவங்கள் கூறப்பட்டு வாக்கெடுப்பும் நிகழ்ந்தது. எவ்வடிவத்திற்கும் போதிய ஆதரவு கிட்டாமையால் அது தள்ளப்பட்டது. எனினும் 2005-இல் அதனை மீண்டும் ஆராய்ந்த வான் ராசம் ஒரு வடிவத்தைத் தேர்ந்து ஏற்றார். 2006-இல் வெளிவந்த பதிப்பில் அது இடம்பெற்றது.

மாற்றத்தின் விலை எத்துணைப் பெரிது என்பதற்கும் இம்மொழியே சான்று. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பெரும்பதிப்பு வெளிவந்தது. பழைய பதிப்பில் 7 என்னும் முழு எண்ணை 2-ஆல் வகுத்தால் 3 என்றே விடை வரும். புதிய பதிப்பில் 3.5 என வரும். பின்னதே கற்பார்க்கு இயல்பானது. ஆயினும் பழைய விடையை நம்பிய நிரல்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. இத்தகைய மாற்றங்கள் வேறு சிலவும் இருந்தமையால், பழைய பதிப்பை உடனே கைவிட இயலவில்லை. 2015-ஆம் ஆண்டோடு அதன் பராமரிப்பை நிறுத்த முதலில் எண்ணியவர்கள், பின்னர் 2020 வரை அதனை நீட்டித்தனர். நல்ல மாற்றமும் நிலைபெறப் பன்னீராண்டுக் காலம் நடைபெற்றது என்பதனை நோக்குக. மாற்றத்தை மறுப்போர் அனைவரும் பழமைப் பற்றினால் மறுப்பவர் அல்லர். பிறர் படும் பாட்டை எண்ணி மறுப்பவரும் உளர்.

நெடுங்காலம் விவாதங்களின் முடிவில் தீர்ப்புக் கூறும் பொறுப்பு வான் ராசம் ஒருவரிடமே இருந்தது. ‘அருளுடைய ஆயுட்காலத் தலைவர்’ என்னும் பொருள்படும் பட்டமொன்றை அன்பர்கள் அவருக்கு வேடிக்கையாக வழங்கியிருந்தனர். அவருடைய நடுவுநிலைமையில் நம்பிக்கை இருந்தவரையில் அம்முறை இனிது நடந்தது.

2018-ஆம் ஆண்டில் 572-ஆம் எண்ணுடைய முன்மொழிவு எழுந்தது. ஒரு கணக்கைச் செய்து அதன் விடைக்குப் பெயரிடுதல் ஒரு வரி. அவ்விடையைச் சோதித்தல் அடுத்த வரி. இவ்விரண்டையும் ஒரே வரியில் முடிக்க := என்னும் புதிய குறியைச் சேர்க்கலாம் என்பதே அம்முன்மொழிவு. வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் கண்களையும் தந்தங்களையும் ஒத்திருத்தலின், இதனை வால்ரஸ் குறி என்றும் வழங்குவர். நிரல் சுருங்கும், ஒரே கணக்கை இருமுறை செய்யும் நிலை நீங்கும் என்றனர் ஆதரித்தோர். ஒன்றைச் செய்ய இரு வழிகள் தோன்றும். வரி செறிந்து படிப்பார்க்கு மயக்கம் தரும் என்றனர் மறுத்தோர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை இருந்தது. முன்மொழிந்தோருள் ஒருவரான டிம் பீட்டர்ஸ், தாம் முன்னர் எழுதிய நிரல்களையே எடுத்து, இக்குறி எவ்விடத்தில் நன்மை தரும், எவ்விடத்தில் தராது என ஆராய்ந்து எழுதினார். அதுவன்றோ வாதிடும் முறை!

ஆயினும் எல்லாரும் அந்நெறியில் நிற்கவில்லை. விவாதம் நீண்டது, சொற்கள் கடுமையாயின. கருத்தை மறுத்தவருட் சிலர் கருத்துடையாரையும் பழிக்கலாயினர். வான் ராசம் முன்மொழிந்தோருள் ஒருவராகவும் தீர்ப்பளிப்பவராகவும் இருந்தமையால், வெறுப்பின் சுமை முழுவதும் அவர்மீதே வீழ்ந்தது. அவர் முன்மொழிவை ஏற்றார். பின்னர் அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள், இத்துணைப் போராடி ஒரு முடிவை எய்தி, அதனால் பலருடைய வெறுப்புக்கும் ஆளாக இனித் தமக்கு விருப்பமில்லை எனக் கூறித் தலைமையினின்றும் விலகினார். தமக்குப் பின் தலைவர் ஒருவரையும் அவர் அமர்த்தவில்லை. வேண்டிய முறையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டார். ஒரு சிறு குறியைப் பற்றிய விவாதம், மொழியை ஆக்கியவரையே தலைமை துறக்கச் செய்தது.

மொழி சிதைந்துபோகவில்லை. முதன்மைப் பணியாளர்கள் தாம் பழகிய முறையையே இதற்கும் மேற்கொண்டனர். ஆட்சிமுறை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பற்றி ஏழு முன்மொழிவுகள் எழுதப்பட்டன. 2018 டிசம்பரில் வாக்கெடுத்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தனர். அதன்படி ஐவர் அடங்கிய வழிநடத்தும் குழு ஒன்று அமைந்தது. ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருத்தல் ஆகாது. ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவந்தபின் குழுவைப் புதிதாகத் தேர்ந்தெடுப்பர். நம்பிக்கை இழந்தால், வாக்களிக்கும் பணியாளருள் மூன்றில் இரு பங்கினர் உடன்பட்டுக் குழுவை நீக்கவும் இயலும். 2019-இல் அமைந்த முதற்குழுவின் ஐவருள் வான் ராசமும் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வால்ரஸ் குறியும் அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த பதிப்பில் இடம்பெற்றது. அதனை மறுத்தவர்களுட் பலர் தொடர்ந்து அம்மொழிக்கே தொண்டாற்றினர்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன சில. பொதுவான பொருளை மாற்ற விழைவார் தம் காரணத்தை எழுத்தில் வைத்தல் வேண்டும். மறுப்பவர் காரணத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். மறுப்பவர் கருத்தை மறுக்கலாம். கருத்துடையாரைப் பழித்தல் ஆகாது. தீர்ப்பு வந்தபின், தோற்றவரும் வென்றவரும் ஒருங்கே பணியாற்றுதல் வேண்டும். ஒருவர் தோளில் ஏற்றப்படும் சுமை மிகுந்தால், அச்சுமையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையைக் காணுதல் வேண்டும். இந்நெறிகள் கணினி மொழிக்கு மட்டும் உரியன அல்ல. மாணவர் மன்றத்திற்கும், ஊர் அவைக்கும், பலர் கூடி ஒன்றைப் பேணும் எவ்விடத்திற்கும் உரியனவேயாம்.